பழைய டிரக்கும் தானியங்கி கியர் பெட்டியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

நம் ஊர் லாரிகளில் ஓட்டுநர் இடக்காலால் கிளட்சை மிதித்து, இடக்கையால் கியர்க் கம்பியைத் தள்ளுவதை நாள்தோறும் காண்கிறோம். கிளட்ச் மிதியே இல்லாமல், வண்டியின் வேகத்தையும் எஞ்சின் சுமக்கும் பாரத்தையும் உணர்ந்து தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. அமெரிக்காவில் 1970-களிலேயே சிறிய டிரக்குகள் பலவற்றில் இத்தகைய தானியங்கிப் பெட்டி இருந்தது. அந்தக் காலத்து டிரக்குகளில் சில வளைகுடா நாடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் அடியில் படுத்து வேலை செய்பவர்களுள் நம்மவர்களும் இருக்கிறார்கள். என் தாய்மாமன் அவர்களில் ஒருவர்.

மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஸ்பேனர் பிடித்தால் இரும்பின் நோய் அவர் கைக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் உள்ள பழுதுபார்ப்பு நூலைப் படிக்க இயலாது. சென்ற ஆண்டு அவர் பட்டறைக்குப் பழைய செவர்லே டிரக் ஒன்று பெட்டி மாற்ற வந்தது. இதே வேலையில் முன்பு அவருடன் பணிபுரிந்த ஒருவர் பெட்டியின் உள்ளே இருக்கும் பம்பை உடைத்துவிட, அதன் விலை மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதாம். ஆகவே மாமா முன்னெச்சரிக்கையாக நூலின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். நான் படித்துச் சொன்னதையும், சொல்லும்போது எனக்கே விளங்கியதையும் இங்கு எழுதுகிறேன்.

டிரக்கில் இருந்தது ‘டர்போ ஹைட்ராமேட்டிக் 350’ என்ற பெட்டி. 1969-இல் வந்தது, மூன்று கியர்கள், விகிதங்கள் 2.52, 1.52, 1. அதற்குப் பதிலாக வைக்க வேண்டியது 1982-இல் வந்த ‘700-ஆர்-4’. இதற்கு நான்கு கியர்கள், விகிதங்கள் 3.06, 1.63, 1, 0.70. முதல் கியரின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கடைசிக் கியரிலோ, முன்பு 2,800 சுற்று சுற்றிய எஞ்சின் 1,960 சுற்றிலேயே அதே வேகத்தைத் தரும். சத்தமும் குறையும், பெட்ரோலும் மிச்சம். செவர்லே எஞ்சினின் பின்முகத்திலுள்ள போல்ட் துளைகள் இரண்டு பெட்டிகளுக்கும் பொருந்துகின்றன. எனவே ‘அதைக் கழற்று, இதை மாட்டு’ என்ற அளவில் வேலை முடிந்துவிடும் என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். துளை பொருந்துவது வேறு, பெட்டி பொருந்துவது வேறு.

முதல் தொல்லை முன்பக்கத்தில். தானியங்கிப் பெட்டியில் கிளட்ச் தட்டு இருக்கும் இடத்தில் ‘டார்க் கன்வர்ட்டர்’ என்னும் எண்ணெய் நிறைந்த வட்டக் கலம் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று மற்றதையும் சுழற்றும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இந்தக் கன்வர்ட்டர் பெட்டிக்குள் மூன்று இடங்களில் சென்று அமர வேண்டும். பெட்டிக்குள் போகும் அச்சின் பற்களில் ஒன்று. அந்த அச்சைச் சூழ்ந்த அசையாத குழாயின் பற்களில் ஒன்று. எண்ணெய் பம்பைச் சுழற்றும் வெட்டுகளில் ஒன்று. இரண்டில் அமர்ந்து மூன்றாவதில் அமராமல் நின்றுவிடுவதுதான் வழக்கம். பார்வைக்கு உள்ளே போய்விட்டது போலவே தெரியும். பெட்டியை ஜாக்கியில் ஏற்றி எஞ்சினோடு சேர்க்கும்போது மட்டும் இரண்டு முகங்களுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி நிற்கும். போல்ட்டைப் போட்டு இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றும். பம்ப் உடைவது அப்போதுதான்.

ஏன் உடைகிறது என்பதை நம் பாடத்திலிருந்தே கணக்கிடலாம். திருகு என்பது சுற்றி வைத்த சாய்தளம். அந்தப் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 16 புரிகள். 8 அங்குல ஸ்பேனரின் முனை ஒரு சுற்றில் ஏறத்தாழ 50 அங்குலம் நகரும்; போல்ட்டோ 1/16 அங்குலமே முன்னேறும். உராய்வே இல்லையென்றால் கையின் விசை 800 மடங்காகும். உராய்வு பெரும்பகுதியைத் தின்றாலும் மிஞ்சுவது பல பத்து மடங்கு. அத்தனை விசையும் அமராத கன்வர்ட்டரின் கழுத்து வழியாகப் பம்பின் மேல் இறங்குகிறது. அந்த விசையைக் கை உணர்வதில்லை. கைக்கு அது சாதாரண இறுக்கம்தான். எனவே விதி இது: இரண்டு முகங்களும் கையால் தள்ளியே தொட வேண்டும். தொட்ட பிறகும் கன்வர்ட்டர் விரலால் தள்ளினால் தனியே சுழல வேண்டும். இவ்விரண்டும் நடக்காவிட்டால் பெட்டியை மீண்டும் பின்னிழுத்து, கன்வர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளி அமர்த்த வேண்டும். ஏறத்தாழ ஓர் ஆளின் எடையுள்ள பெட்டியை இரண்டாம் முறை இறக்கி ஏற்ற யாருக்கும் மனம் வராது. வந்துதான் ஆக வேண்டும்.

போல்ட்டுகள் இறுகிய பின், கன்வர்ட்டருக்கும் எஞ்சினோடு சுழலும் ‘ஃப்ளெக்ஸ் பிளேட்’ என்ற மெல்லிய தட்டுக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இடைவெளி இருப்பது சரி. அவ்வளவு தூரம் கன்வர்ட்டரை முன்னே இழுத்துத் தட்டோடு பூட்ட வேண்டும். இடைவெளி கூடினால் எல்லாப் போல்ட்டுகளிலும் ஒரே கனமுள்ள வாஷர் வைக்கலாம். இடைவெளியே இல்லையென்றால் கன்வர்ட்டர் சரியாக அமரவில்லை, அல்லது அது வேறு பெட்டியின் கன்வர்ட்டர். இந்தத் தட்டிலும் வகைகள் உண்டு. 153 பற்கள் கொண்டது ஒன்று, 168 பற்கள் கொண்டது ஒன்று. 1986-இல் எஞ்சினின் கிராங்க் முனையே மாறியதால், அதற்கு முந்திய எஞ்சினின் தட்டு பிந்தியதில் ஏறாது. வாங்கும் முன் எண்ணிப் பார்த்துவிட்டால் போதும்.

இனி நீளம். பழைய பெட்டியின் குட்டை வால் வகைக்கு மொத்த நீளம் 27 11/16 அங்குலம்; புதியது 30 3/4 அங்குலம். ஏறக்குறைய 3 அங்குலம் கூடுதல். பெட்டியைத் தாங்கும் மவுண்டும் 20 3/8 அங்குலத்திலிருந்து 22 1/2 அங்குலத்துக்குப் பின்னே போகிறது. ஆகவே குறுக்குச் சட்டத்தை 2 1/8 அங்குலம் பின்தள்ளிப் புதிதாகத் துளையிட வேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் ஷாஃப்ட்டை 3 அங்குலம் வெட்டிக் குறைக்க வேண்டும். ஆனால் பழைய பெட்டியிலேயே நெடிய வால் கொண்ட இன்னொரு வகை உண்டு. அதன் நீளம் 30 11/16 அங்குலம். அந்த வகை இருந்த டிரக்கில் ஷாஃப்ட்டைத் தொடவே தேவையில்லை! பெயரைக் கேட்டு வெட்டியவன் நல்ல ஷாஃப்ட்டைக் கெடுத்திருப்பான். மாமாவின் டிரக்கில் இருந்தது குட்டை வால்தான்; அளந்த பிறகே வெட்டினார்கள்.

எவ்வளவு வெட்டுவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டியில் பாரம் ஏறினால் பின்னச்சு அசையும். ஷாஃப்ட்டின் முன்முனை பெட்டியின் வாலுக்குள் சற்றே நுழைந்து வெளிவரும். அதற்கென 3/4 முதல் 1 அங்குலம் வரை இடம் விடாவிட்டால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட் பெட்டியின் வாலை உலக்கைபோல் இடிக்கும்.

ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் இணைப்பு உண்டு. இதில்தான் இயற்பியல் மாணவனுக்கு விருந்து. கிராஸ் ஒன்று θ கோணத்தில் சாய்ந்து சுழலும்போது, உட்செல்லும் வேகம் சீராக இருந்தாலும் வெளிவரும் வேகம் சீராக இராது. cos θ மடங்குக்கும் 1/cos θ மடங்குக்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். சாய்வு 10 பாகை, வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று கொள்வோம். வெளிவரும் வேகம் 1,970-க்கும் 2,031-க்கும் இடையே விநாடிக்கு 67 முறை ஊசலாடும். ஓட்டுநரின் இருக்கைக்கு வரும் அதிர்வு இதுவே. 3 பாகைச் சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றில் 0.14 பங்குதான். பின்முனையில் அதே அளவு சாய்வுள்ள இரண்டாவது கிராஸ், முதலாவது செய்த கோளாறை நேர் எதிராகச் செய்து அழித்துவிடுகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள். பெட்டியின் வாலும் பின்னச்சின் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

வெட்டி மறுபடி வெல்டு வைக்கும்போது இரண்டாவது நிபந்தனை கெடுகிறது. குறுக்குச் சட்டத்தை நகர்த்தும்போது முதலாவது கெடுகிறது. எஞ்சின் மவுண்டுக்கும் பெட்டி மவுண்டுக்கும் இடையே 40 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், சட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தாலே சாய்வு 1.4 பாகை மாறும். இதை நான் தொலைபேசியில் மூச்சுவிடாமல் விளக்கியபோது மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ரெண்டு முகமும் ஒண்ணை ஒண்ணு நேராப் பாக்கணும், அதானே மாப்ளே? வெட்டுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட் நீளத்துக்கும் சாக்பீஸ் கோடு போட்டுட்டேன்” என்றார். கவைகள் தளம் மாறாமல் இருக்க அந்தக் கோடு போதும். கொசைன் தெரியாமலே அவர் அங்கு போய்ச் சேர்ந்திருந்தார். இருப்பினும் சாய்வு அறவே இல்லாமலும் கூடாது. அரைப் பாகையாவது இருந்தால்தான் கிராஸின் உள்ளே உள்ள ஊசி உருளைகள் உருண்டு தேயாமல் நிற்கும். இது அவருக்குப் புதிய செய்தி.

எல்லாம் பூட்டியபின் பலரும் மறப்பது ஒரு மெல்லிய கேபிள். பழைய பெட்டி தன் எண்ணெய் அழுத்தத்தை எஞ்சினின் வெற்றிடக் குழாயால் அறிந்துகொண்டது. புதியதில் அந்தக் குழாய் இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் ‘டி.வி. கேபிள்’ மட்டுமே. கியர் எப்போது மாற வேண்டும் என்பதோடு, உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதையும் இதுவே முடிவு செய்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் எரியும். வண்டி நன்றாக ஓடுவது போலவே தெரிந்துகொண்டிருக்கும்போது பெட்டி உள்ளே கருகிக்கொண்டிருக்கும். ஆகவே டிரக்கைப் பட்டறை வாசலுக்கு வெளியே எடுக்குமுன், எஞ்சினை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதியை முழுவதும் அழுத்த, மற்றவர் கேபிள் அதன் எல்லை வரை சரியாக இழுபட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அழுத்தமானியைப் பெட்டியில் மாட்டி, கேபிளை இழுக்க இழுக்க முள் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.