நடப்பது அவ்வளவு சுலபமா?

காலையில் எழுந்து பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போகிறீர்கள். 'பத்தடி நடக்கிறதுல என்ன அதிசயம்?' என்கிறீர்களா? அந்தப் பத்தடியை ஒரு ரோபோவுக்குச் சொல்லிக் கொடுக்க விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை!

2014-ல் வந்த 'கோச்சடையான்' படம் நினைவிருக்கிறதா? திரையில் தெரிந்த உருவங்கள் கம்ப்யூட்டர் போட்டவை. அசைவுகள் மட்டும் நிஜ மனிதர்களுடையவை. தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு சின்னச் சின்னப் பளபளப்பான உருண்டைகளை ஒட்டிவிடுவார்கள். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அந்தப் புள்ளிகளை மட்டும் பதிவு செய்யும். புள்ளிகளை இணைத்தால் எலும்புக்கூடு போல ஓர் உருவம் கிடைக்கும். அதற்கு உடம்பும் உடையும் மாட்டினால் கதாநாயகன் ரெடி!

சினிமா பொம்மை விழாது. ஏனென்றால் அதற்கு எடை கிடையாது. ரோபோவுக்கு உண்டே! இங்கேதான் சிக்கல். நாம் ஒவ்வோர் அடியிலும் முன்பக்கமாகக் கொஞ்சம் விழுகிறோம். அடுத்த கால் வந்து தாங்கிக் கொள்கிறது. நடை என்பது இவ்வளவுதான்.

ஹோண்டா கம்பெனி 2000-ல் காட்டிய 'அசிமோ' ரோபோ, விழுந்துவிடாமல் இருக்க முட்டியை மடக்கியபடியே நடந்தது. நாம் செலவழிப்பதைப் போல பத்து மடங்குக்கும் மேல் சக்தி அதற்குத் தேவைப்பட்டதாக 2005-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். நம் உடம்பு எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

சரி, இதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. அதே கேமராக்கள் பெரிய ஆஸ்பத்திரிகளின் நடை ஆய்வுக் கூடங்களிலும் உண்டு. பாதம் எப்படி அழுத்துகிறது என்று அளக்கத் தரையில் தட்டும் பதித்திருப்பார்கள். 'செரிபிரல் பால்சி' உள்ள குழந்தை நடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறது, எந்த மூட்டு சரியாக மடங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் ஆபரேஷன் பற்றி டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

வீட்டிலேயே செய்யலாம்!

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கேமரா வேண்டாம், கடிகாரம் போதும். கை வைத்த நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீட்டர் (சுமார் பத்தடி) நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான செருப்பு, கைத்தடி இருக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

12 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறதா? கீழே விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் கண் பார்வையாக இருக்கலாம், முட்டியாக இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையாகக்கூட இருக்கலாம். பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

'வயசானா நடை தளரத்தான் செய்யும்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு வருத்தப்படுவதைவிட, இன்றைக்கே ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்களேன்!