ஸ்விட்ச் போர்ட்களைத் தொகுதியாக அமைத்தல்

பிணைய ஸ்விட்ச் ஒன்றிலுள்ள பல போர்ட்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, அவை அனைத்துக்கும் ஒரே கட்டளையில் அமைப்பைக் கொடுக்க முடியும். சிஸ்கோ ஸ்விட்ச்களில் இதற்கான கட்டளை ‘இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்’ ஆகும். பல இணைப்புகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் ஈதர்சேனல் வேறு. இங்கு போர்ட்கள் தனித்தனியாகவே இயங்கும், கட்டளை மட்டுமே பொது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புதிய மாவட்டம் என்றால் புதிய அலுவலகங்கள். அலுவலகம் என்றால் கணினிகளும் அவற்றை இணைக்கும் ஸ்விட்ச்களும் வேண்டும். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்துக்கு 24 போர்ட் ஸ்விட்ச் வைப்பதாக எடுத்துக்கொள்வோம். எல்லாக் கணினிகளும் வீலேன் 10-இல் இருக்க வேண்டும். போர்ட் ஒன்றுக்கு நான்கு வரிகள்: போர்ட்டின் பெயர், ‘ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்’, ‘ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் வீலேன் 10’, ‘ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்’. தனித்தனியாக அடித்தால் 96 வரிகள். ‘இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 - 24’ என்று தொடங்கினால் நான்கே வரிகள். நேர மிச்சத்தைவிடப் பெரிய பயன், பதினேழாவது போர்ட்டில் 10-க்குப் பதில் 100 என்று அடித்துவிட்டு, அந்த மேசைக் கணினி மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடும் நிலை வராது என்பதே.

தொடர்ச்சியாக இல்லாத போர்ட்களைக் காற்புள்ளியிட்டுச் சேர்க்கலாம். பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் இடைக்கோட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாவிட்டால் கட்டளை ஏற்கப்படாது. புதிதாகக் கற்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. ஒரே தொகுதியை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தால் ‘டிஃபைன் இன்டர்ஃபேஸ்-ரேஞ்ச்’ மூலம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கட்டளை முடிந்தபின் அமைப்புக் கோப்பைப் பார்த்தால் ஒவ்வொரு போர்ட்டின் கீழும் அதே வரிகள் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். எந்தப் போர்ட்கள் ஒன்றாக அமைக்கப்பட்டன என்பது அங்கே பதிவாகாது. ஜூனிப்பர் ஸ்விட்ச்களில் நிலை வேறு: தொகுதி பெயரோடு கோப்பிலேயே நிற்கும், பின்னர் சேர்க்கும் போர்ட்டும் அதன் அமைப்பைப் பெறும். நிர்வாகத்துக்கு ஜூனிப்பர் முறையே வசதி என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி ஆபத்து. மேலே சொன்ன ஸ்விட்ச்சில் வெளியிணைப்புக்குத் தனியாக இரண்டு கிகாபிட் போர்ட்கள் இருந்தால் 1 முதல் 24 வரை எடுப்பதில் சிக்கல் இல்லை. வேறு மாடலில் 24-ஆவது போர்ட்டே வெளியிணைப்பாக இருக்கலாம். அதே கட்டளை அங்கே, பல வீலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டை ஒரே வீலேனுக்கான ஆக்சஸ் போர்ட்டாக மாற்றிவிடும். கள்ளக்குறிச்சியில் அமர்ந்து அதை அடித்தவரின் தொடர்பும் அத்துடன் அறுந்துபோகலாம். திருத்தும் கட்டளையும் அதே இணைப்பு வழியாகத்தானே போகவேண்டும்! பிறகு கச்சிராயபாளையம் வழியாக மலைச்சாலையில் ஏறி, கன்சோல் கேபிளைச் செருகித்தான் சரிசெய்ய முடியும். அதுவரை அலுவலகத்துக்கு வந்த மலைவாழ் மக்கள் சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, தொலைவிலிருந்து மாற்றும்போது முதலில் ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்’ கொடுத்து, எந்தப் போர்ட் வெளியிணைப்பு என்று பார்த்து, அதைத் தொகுதியிலிருந்து விலக்க வேண்டும். வேறு ஸ்விட்ச் செருகிய போர்ட்டையும் போர்ட்ஃபாஸ்ட்டில் சேர்க்கக் கூடாது. பிணையத்தில் சுழல் உண்டாகலாம். பழைய அமைப்பைச் சேமித்தபின் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குவது இன்னொரு பாதுகாப்பு. தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுதொடக்கம் செய்து பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்து, அதன் பிறகே புதிய அமைப்பைச் சேமிக்க வேண்டும்.