குளியல் அறைக்குள் ஆவி!
பளபளக்கும் சுவருக்குப் பின்னால் பதுங்கும் ஆபத்து

சளி பிடித்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்து, போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடிப்பது உண்டு. அமெரிக்காவில் சிலர் குளியல் அறைக்கே அப்படிப் போர்வை போட்டுவிடுகிறார்கள்! உள்ளே உட்கார்ந்தால் உடம்பு முழுவதும் ஆவிக் குளியல்.

அதற்குப் புது அறை கட்டுவது இல்லை. "ஷவர்" இருக்கும் பழைய குளியல் அறையையே மாற்றிவிடுகிறார்கள்.

ஆவி தரும் எந்திரம் சின்னதுதான். பக்கத்து அலமாரிக்குள் அடங்கிவிடும். மின்சாரத்தால் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி குழாய் வழியே வந்து, தரைக்குச் சற்று மேலே உள்ள துவாரத்தில் வெளிப்படுகிறது. அவ்வளவுதான்.

செலவும் சிரமமும் சுவரில்தான் இருக்கின்றன.

சுவருக்குள் புகும்

1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். ஷவரில் விழும் தண்ணீர் வடிகால் குழாயில் ஓடிவிடும். ஆவி அப்படி அல்ல. நாலு பக்கமும் பரவும். பீங்கான் ஓடுகளின் இடுக்கில் பூசிய சிமெண்டு வழியாகவும் மெல்லப் புகுந்துவிடும்.

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டத்தால் கட்டியவை. சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். உள்ளே புகுந்த ஆவி, குளிர்ந்த மரத்தில் பட்டு மறுபடியும் தண்ணீர் ஆகிறது. பலகையில் பூஞ்சை பிடிக்கிறது. மரம் மக்குகிறது. வெளியே ஓடு பளபளவென்று இருக்கும். உள்ளே சுவர் செத்துக்கொண்டு இருக்கும்! வீட்டுக்காரருக்குத் தெரியவரும்போது சுவரையே பெயர்க்க வேண்டிவரும்.

ஆகவே, விஷயம் தெரிந்த கொத்தனார் முதலில் பழைய ஓடுகளை எடுத்துவிடுவார். ஆவி புகாத பிளாஸ்டிக் படலத்தைச் சுவரிலும் கூரையிலும் ஒட்டுவார். அதன் மேல்தான் புது ஓடு. "பழைய ஓடு நன்றாகத்தானே இருக்கிறது, எந்திரத்தை மட்டும் மாட்டுங்கள்" என்று சொல்பவர், மிச்சப்படுத்திய பணத்தைப்போல் பல மடங்கு பிறகு கொடுக்கிறார்.

கதவும் கூரை வரை எட்டவேண்டும். இல்லாவிட்டால் ஆவி படுக்கை அறைக்குப் போய்விடும்.

இட்லிக் கொப்பரை

இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கினால், உள்பக்கத்தில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது அல்லவா? ஆவி அறையின் கூரை மட்டமாக இருந்தால், குளிப்பவர் தலையிலும் அப்படித்தான் சொட்டும். அதனால் கூரையைச் சாய்வாக அமைக்கிறார்கள். அடிக்கு 2 அங்குலம் சரிவு. நீர் சுவரோரம் வழிந்து இறங்கிவிடும்.

அறைக்குள் வெப்பம் சுமார் 45 டிகிரி சென்டிகிரேடு. "கோடை வெயில் அளவுதானே!" என்று நினைக்கக் கூடாது. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலராது. உடம்புச் சூடு இறங்க வழி இல்லை. 10 அல்லது 15 நிமிடம் போதும். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. மது குடித்தவர் போகவே கூடாது. ஆவி வரும் துவாரத்தின் பக்கம் காலை நீட்டினால் கொப்புளம்தான்.

குளித்து முடித்ததும் கதவை அகலத் திறந்துவைத்து, சுவர் உலரும்வரை மின்விசிறியை ஓடவிடுகிறார்கள்.