முன்னுரைக்கப்பட்ட விட்டில்

இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டினை நன்னூல் வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானமும் பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, 'பிரிடிக்டா' என்பது எவ்வகைப் பெயர்?" என வினவினான். யான் ஒரு வாரம் தவணை கேட்டேன். இலத்தீன் அறியாத பண்டிதனுக்கு வேறு வழி யாது?

அது ஒரு விட்டிலின் பெயர். 1862 ஆம் ஆண்டில், மடகஸ்காரிற் பூக்கும் வெண்ணிற ஓர்க்கிட் மலரொன்று டார்வினின் கைக்கு வந்தது. அதன் பின்னே வால்போலத் தொங்கும் குழல் 11.5 அங்குல நீளம். தேனோ அடியில் ஒன்றரை அங்குலத்தில் மாத்திரமே இருந்தது. அத்தேனை எட்டவல்ல உறிஞ்சுகுழலுடைய விட்டில் அத்தீவில் இருத்தல் வேண்டும் என்றார் அவர். பூச்சியியலார் சிலர் நகைத்தனர். வாலஸ் என்பார், வானநூலார் நெப்டியூன் கோளைத் தேடிய அதே உறுதியுடன் அதனைத் தேடலாம் என 1867 இல் எழுதினார்.

இத்துணை உறுதியிருந்தும் இருவரும் அதற்குப் பெயரிட்டாரல்லர். இதனை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உயிரியலார் மரபில், மாதிரியுடல் கைக்கு வந்து, அது தன் சுற்றத்தினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பது எழுத்தில் வெளிவந்த பின்னரே பெயர் நிலைபெறும். பொருளைக் காணுமுன்னரே பெயர் சூட்டிவிட்டுப் பின் பொருளைத் தேடும் பண்டிதர் நம்மிடையே உளர், யானும் ஒருவனே.

1903 இல் றொத்சைல்டும் ஜோர்டனும் மடகஸ்கார் விட்டிலை விவரித்து, 'முன்னுரைக்கப்பட்டது' எனப் பொருள்படும் அப்பெயரை இட்டனர். டார்வின் இறந்து 21 ஆண்டுகள் கழிந்திருந்தன. வாலஸ் எண்பது வயதினராய் உயிரோடிருந்தார். ஆயின் அவர்கள் அதனைத் தனியினமாகக் கொள்ளவில்லை. ஆபிரிக்கப் பெருநிலத்து 'மோர்கனி' என்னும் விட்டிலின் உபஇனமாகவே அடக்கினர். அந்த மோர்கனியோ, டார்வின் வாய்திறப்பதற்கு ஆறாண்டு முன்னரே, 1856 இல், வோக்கர் என்பவரால் விவரிக்கப்பட்டுவிட்டது!

மலரில் அவ்விட்டில் தேனருந்துங் காட்சி 1990களிலேயே நிழற்படமாயிற்று. 2021 இல் ஆய்வாளர் ஐவர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, மடகஸ்கார் விட்டில் தனியினமே என நிறுவினர். அதன் அடிப்புறம் இளஞ்சிவப்பு. உறிஞ்சுகுழலும் பெருநிலத்ததினும் நீண்டது. ஒன்றில் அக்குழல் 28.5 சதமமீற்றர் இருந்தது.

மறுவாரம், "அது காரணப்பெயர், வினையாலணையும் பெயருமாம்" என்றேன்.

"காரணம் விட்டிலிடம் இல்லையே, ஐயா; பூவிடமன்றோ இருக்கிறது?" என்றான் அவன்.

மீண்டும் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன்.