வடபுலப் பகைநாடுகளும் புறத்திணை வகுப்பும்

நெப்போலியன் காலத்து ஐரோப்பாவைக் களமாகக் கொண்டு கணிப்பொறியில் ஆடப்பெறும் ஆட்டங்கள் பல இந்நாளில் வழங்கி வருகின்றன. அவற்றுள் ஒரு வகையில் ஆடுவோன் ஒரு வீரனாகவோ படைத்தலைவனாகவோ நில்லாமல் ஒரு நாட்டின் அரசாகவே நிற்கின்றான். வரி தண்டல், வாணிகம், தூது, உடன்படிக்கை, படையெடுப்பு ஆகிய யாவும் அவன் கையில் உள்ளன. இதனை ஈண்டுப் பெருவியூக ஆட்டம் எனக் குறிப்போம். ஸ்டாக்ஹோம் நகரத்துப் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ நான்காம் பகுதி இவ்வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1444 முதல் 1821 வரையுள்ள காலம் அதன் களம். நம் மாணாக்கர் பலர் இவற்றை ஆடுகின்றனர். துவாக்குடி போன்ற தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் உள்ள ஊர்களில் இத்தகைய ஆட்டங்களைத் தாமே அமைக்க விழைவாரும் உளர்.

அவ்வாறு அமைப்போர் முன் எழும் முதல் வினா, ஒன்றற்கொன்று பகையான இரு நாடுகளை எதனால் வேறுபடுத்துவது என்பது. புறப்பொருள் இலக்கணம் கற்றவர்க்கு இது புதிய வினா அன்று. எதிரெதிர் நிற்கும் இரு வேந்தர்க்கும் ஒரே திணையா, வெவ்வேறு திணையா என்று நம் இலக்கண ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்து, வெவ்வேறு முடிபு கொண்டிருக்கின்றனர். பால்டிக் கடலின் வாயிலில் எதிரெதிர் அமைந்த டென்மார்க்கு, சுவீடன் ஆகிய வடபுல நாடுகள் இரண்டனையும் கொண்டு அம்முடிபுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவ்விரு நாட்டாரும் நம் சோழமண்டலக் கரைக்கு வந்தவர்கள் என்பதும் இத்தேர்வுக்குக் காரணமாகும்.

போரை ஆட்டமாக்கும் முயற்சி நாற்படைகளின் பெயரால் அமைந்த சதுரங்கத்தில் தொடங்குகின்றது. சதுரங்கத்தில் இரு பக்கமும் முற்றும் ஒன்றே. நிறம் நீங்கலாக வேறுபாடு ஏதுமில்லை; வெல்வது ஆடுவோன் அறிவே அன்றி அரசின் இயல்பு அன்று. 1780-இல் செருமானிய நாட்டில் ஹெல்விக் என்பார் சதுரங்கத்தை விரித்து ஒரு போராட்டத்தை அமைத்தார். பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் 1812-இல் தம் அரசர்க்கு ஒன்றனைக் காட்டினார். அவர் மகனார் அதனைத் திருத்தி 1824-இல் விதிநூலாக்கினார். இவற்றில் நிலத்தின் மேடுபள்ளமும் நடுவர் தீர்ப்பும் இடம் பெற்றன. ஆயினும் நீலப்படையும் செம்படையும் எதற்காகப் போர் செய்கின்றன என்னும் வினாவுக்கு அங்கே பெரிதும் இடமில்லை. படைத்தலைவர்க்கு அது வேண்டியதும் இல்லை. அரசாக நின்று ஆடுவோனுக்கோ அவ்வினாவே முதன்மையானது.

இனி நம் இலக்கணங்களுக்கு வருவோம். தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். ஆநிரை கவர்தலும் அதனை மீட்டலும் அவர்க்கு வெட்சி ஒன்றனுள்ளே அடங்கும். மதிலை வளைத்தலும் காத்தலும் உழிஞையுள் அடங்கும். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை திணைகளைப் பன்னிரண்டாக விரித்தது. கவர்வோன் வெட்சி சூட, மீட்போன் கரந்தை சூடுகின்றான். வளைப்போனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் உரியன. மேற்செல்வோன் பூ வஞ்சி. அவனை எதிரூன்றுவோன் பூ காஞ்சி. தொல்காப்பியர்க்குக் காஞ்சி நிலையாமையைச் சுட்டுவது. ஐயனாரிதனார் அதனை எதிரூன்றலுக்கு உரிய திணையாகக் கொண்டார். தும்பை ஒன்றே இருவர்க்கும் பொதுவாய் நின்றது.

இவ்வேறுபாட்டை எண்ணிக்கை வேறுபாடாக மட்டும் மாணாக்கர்க்குக் கற்பித்து விடுகின்றோம். அஃது எண்ணிக்கை மட்டும் அன்று. செயலின் களம் ஒன்றாயின் ஒழுக்கமும் ஒன்றே என்பது தொல்காப்பியர் நோக்கு. நோக்கம் வேறாயின் ஒழுக்கமும் வேறு என்பது வெண்பாமாலையின் நோக்கு. ஆட்டம் அமைப்போன் இவ்விரண்டனுள் ஒன்றை அறிந்தோ அறியாமலோ மேற்கொண்டே தீர்கின்றான்.

முழுதும் ஒத்த இருவர் பகைப்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாக உள்ள உறையூரில் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, நலங்கிள்ளி வளைத்திருந்தான். அப்பொழுது கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. இரு பக்கத்தும் சூடிய கண்ணி ஆத்தியே. சேரனின் பனையும் இல்லை, பாண்டியனின் வேம்பும் இல்லை. யார் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்பது அவர் காட்டிய நெறி. டென்மார்க்கும் சுவீடனும் ஏறத்தாழ இத்தகையனவே. மொழியால் நெருங்கிய உறவின. 1397 முதல் 1523 வரை கால்மார் ஒன்றியம் என்ற பெயரில் ஒரு முடியின் கீழ் அமைந்தன, இடையிடையே பிரிவுகள் நேர்ந்தபோதிலும். பிரிந்த பின்னர்ப் பலமுறை பொருதன. எனவே ஆட்டம் அமைப்போன் இரண்டனுக்கும் ஒரே அளவு படையும் பொருளும் தந்து, வண்ணத்தை மட்டும் மாற்றி அமைக்க எண்ணுதல் இயல்பே. அவ்வாறு அமைத்தால் 1801-இல் நிகழ்ந்த ஒரு செய்தியை அவ்வாட்டம் ஒருபோதும் விளைவிக்க மாட்டாது.

அச்செய்தியைச் சற்று விரித்துக் காண்போம். பிரான்சுடன் போரிட்ட இங்கிலாந்து, நடுநிலை நாடுகளின் கப்பல்களையும் கடலில் நிறுத்திச் சோதித்து வந்தது. 1800 சூலையில் வாணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற டென்மார்க்கின் ‘பிரேயா’ என்னும் போர்க்கப்பல் அவ்வாறு தாக்கிப் பிடிக்கப்பட்டது. போர் அறிவிக்குமுன் பகைவன் செல்வத்தைக் கவர்தல் வெட்சி. ஆநிரைக்கு மாறாகக் கப்பல், அவ்வளவே. அவ்வாண்டின் இறுதியில் உருசியா, சுவீடன், டென்மார்க்கு, பிரஷ்யா ஆகியன படைதாங்கிய நடுநிலைக் கூட்டணி அமைத்தன. இதனைக் கரந்தை எனலாம். 1801 மார்ச்சு 30-இல் ஆங்கிலக் கப்பற்படை பால்டிக்கின் வாயிலான குறுகிய நீரிணையுள் புகுந்தது. ஒரு கரையில் டென்மார்க்கின் குரோன்போர்க் கோட்டை, எதிர்க்கரை சுவீடனுடையது, இடையே நீர் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். குரோன்போர்க்கின் பீரங்கிகள் முழங்கின. கூட்டணியில் உடனிருந்த சுவீடனின் கரை முழங்கவில்லை. அதனைக் கண்ட ஆங்கிலக் கப்பல்கள் சுவீடன் கரையை ஒட்டிச் சென்று தீங்கின்றித் தப்பின. ஏப்பிரல் 2-ஆம் நாள் கோபன்ஹேகன் துறைமுகத்தின்முன் டென்மார்க்கு தனித்தே பொருது தோற்றது.

சுவீடன் ஏன் வாளாவிருந்தது? அக்கரையில் பீரங்கிகள் குறைவு. அதன் கப்பற்படையும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. இவற்றோடு மற்றொரு காரணமும் கூறுவர். அந்நீரிணையைக் கடக்கும் கப்பல்களிடம் டென்மார்க்கு பன்னெடுங்காலம் சுங்கம் கொண்டு வந்தது. 1857 வரை அஃது ஒழியவில்லை. எதிர்க்கரையில் சுவீடன் வலிய அரண் அமைத்தால் சுங்கத்திலும் பங்கு கேட்கும் என்று டென்மார்க்கே அஞ்சியது என்பர். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டப்பொதிகளில் புலிப்பொறி பதித்த சுங்கத்தாரைப் பட்டினப்பாலையில் கற்ற நமக்கு, ஒரு துறைமுகத்தின் உல்கு ஓர் அரசின் உயிர்நிலை ஆதல் விளங்காமற் போகாது. ஆட்டத்திலும் நீரிணைச் சுங்கம் டென்மார்க்குக்கு மட்டுமே உரியதாதல் வேண்டும். சுவீடனுக்கு அதன்மேல் விழைவு இருத்தல் வேண்டும். நண்பரான போதும் ஒருவர் அரணை மற்றொருவர் விரும்பாத நிலை அப்பொழுதே தோன்றும். நாடுகளை வேறுபடுத்துவன அவை விழைவனவும் அஞ்சுவனவுமே. படைத்தொகையும் வண்ணமும் அதன் பின்னரே.

1807-இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். டென்மார்க்கின் கப்பல்கள் நெப்போலியன் கைக்குச் செல்லும் என்பது அவர்கள் அச்சம். செப்டம்பர் 2 முதல் 5 வரை கோபன்ஹேகன் நகரம் குண்டுகளாலும் ஏவுகணைகளாலும் எரியூட்டப்பட்டது. காங்கிரீவ் என்பார் அமைத்த அவ்வேவுகணைகள் மைசூர்ப் படையின் ஏவுகணைகளைக் கண்டு செய்யப்பட்டவை. 1799-இல் சீரங்கப்பட்டினத்துப் போரில் பங்குகொண்ட ஆர்தர் வெல்லெசுலியே 1807-இல் டென்மார்க்கின் குடிப்படையைக் கியோகே என்னுமிடத்தில் சிதறடித்தவர். தென்னாட்டுப் போரும் வடபுலப் போரும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்படுவதால் இத்தொடர்பு நம் கண்ணுக்குத் தப்பி விடுகின்றது. இனி இம்முற்றுகையின் திணை யாது? நகரை வளைத்தமையால் உழிஞை என்னத் தோன்றும். ஆனால் வென்றவர் நகரைக் கொள்ளவில்லை. கப்பல்களை மட்டும் கவர்ந்து சென்றனர். வடிவால் உழிஞை, பயனால் வெட்சி என்பது என் துணிபு.

இதன் பின்னர் டென்மார்க்கு நெப்போலியன் பக்கம் சேர்ந்தது. சுவீடன் இங்கிலாந்தின் பக்கம் நின்று, 1808-இல் உருசியாவின் படையெடுப்புக்கு ஆளாகி, 1809-இல் பின்லாந்தை இழந்தது. இழந்த நிலத்துக்கு ஈடாக நார்வேயை நாடியது. நார்வேயோ டென்மார்க்கு அரசர்க்கு உரியது. 1808-இல் சுவீடனைத் தாக்குவதற்கென டென்மார்க்கில் படையுடன் காத்திருந்த பிரெஞ்சுத் தளபதி பெர்னதோத் 1810-இல் சுவீடனின் பட்டத்துக்குரிய இளவரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், நெப்போலியனையே எதிர்த்தார், 1814 சனவரியில் கீல் உடன்படிக்கையால் நார்வேயைப் பெற்றார். இத்தகைய திருப்பத்தைக் கதையில் எழுதினால் நம்பத்தகாதது என்போம்.

இவ்வாறாயின், டென்மார்க்கு காக்கும் நாடு, அதற்கு நொச்சி. சுவீடன் மேற்செல்லும் நாடு, அதற்கு வஞ்சி என்று வெண்பாமாலை வழியில் வகுத்து விடலாமா? பெருவியூக ஆட்டங்கள் பெரும்பாலும் இதனையே செய்கின்றன. நாடுதோறும் ஒரு தனி இயல்பு, ஒரு தனி வலிமை என எழுதி வைக்கின்றன. ஆடுவார்க்கு அது சுவை தருவது உண்மை. ஆயினும் 1808-இல் பின்லாந்தின் சுவேபோர்க் கோட்டையுள் அடைபட்டு நின்றது சுவீடன் படையே. அப்பொழுது நொச்சி அதற்கே உரியது. வஞ்சி சூடியிருந்தது உருசியா. திணை என்பது ஒழுக்கம் என உரையாசிரியர் கூறுவர். ஒழுக்கம் செயலைச் சார்வது. குடியைச் சார்வது அன்று. வெண்பாமாலையும் வெட்சியார் என்றொரு குலத்தையோ நொச்சியார் என்றொரு நாட்டையோ சொல்லவில்லை. சூடும் பூவைத்தான் சொல்லிற்று. பூ மாலைக்குள் வாடும். நாளைக்கு வேறு பூ.

நாட்டின்மேல் இயல்பை நிலையாக ஒட்டும் பழக்கம் ஆட்டத்தளவில் நின்றுவிடின் பெரிதன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்த ராபர்ட்சு என்னும் ஆங்கிலத் தளபதி தென்னாட்டு வீரரைப் போர்த்திறம் குன்றியவர் என மதிப்பிட்டார். போர்க்குடி, போர்க்குடி அல்லாதன என்னும் பாகுபாடு வலுப்பெற்று, படையில் சென்னை மாகாணத்தார் தொகை குறைக்கப்பட்டது. ஒரு தலைமுறைச் செயலை இனத்தின் இயல்பாக எழுதிவைத்ததன் விளைவு அது. இளைஞர் ஒருவர் ஆட்டத்தில் ‘தமிழ் நாடுகள்’ என ஒரு பட்டியலிட்டு அவற்றின்கீழ் நிலையான இயல்புகளை எழுதப் புகும்போது, அவர் எந்த மரபில் எழுதுகின்றார் என்பதை நாம் சுட்டிக்காட்டுதல் தகும்.

திணை மாறும் விரைவுக்குத் திருச்சிராப்பள்ளி முற்றுகை போதிய சான்று. 1751-52-இல் முகமது அலி இக்கோட்டையுள் அடைபட்டிருந்தபோது, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வளைத்து நின்றனர். மைசூரிலிருந்து நஞ்சராசர் அடைபட்டவர்க்குத் துணையாகப் படைகொண்டு வந்தார்; திருச்சியே அவர்க்குக் கைம்மாறாக வாக்களிக்கப்பட்டிருந்தது. 1752 சூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப்படை பணிந்தது. வாக்கு நிறைவேறவில்லை. திருவரங்கத்தில் தங்கிய மைசூர்ப்படை 1753-இல் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்து, தான் காக்க வந்த கோட்டையையே தாக்க முற்பட்டது. படையும் தலைவரும் அவர்களே, நொச்சி உழிஞையாயிற்று. மாறாமல் நின்றது திருச்சியின்மேல் வைத்த விழைவு ஒன்றே. துவாக்குடிக்கு அண்மையில் உள்ள திருவெறும்பூர் மலைக்கோயிலும் அப்போர்களில் அரணாகப் பயன்பட்டது. மைசூரை ‘நட்பு நாடு’ என்றோ ‘பகை நாடு’ என்றோ எழுதிவைத்த ஆட்டம் இங்கு ஓராண்டிலேயே பொய்த்துப் போகும்.

எஞ்சியது சோழமண்டலக் கரையில் அவ்வடபுல நாட்டார் நிலை. சுவீடன் கும்பினியார் 1733-இல் பரங்கிப்பேட்டையில் ஒரு பண்டகசாலை தொடங்கினர். அவ்வாண்டே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றுகூடி அதனைக் கைப்பற்றினர். தமக்குள் பகைத்த இருவர் மூன்றாமவனைக் கண்டு கூடிய இடம் அது. அதன்பின் சுவீடன் வாணிகம் சீனத்தையே பெரிதும் சார்ந்தது. டென்மார்க்கின் நிலை வேறு. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்பாட்டால் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டையும் அமைத்தது. ஐரோப்பியர் பொருதபோதெல்லாம் நடுநிலைக் கொடியின்கீழ் அதன் வாணிகம் செழித்தது. தரங்கம்பாடிச் சமயப்பணிக்கென 1750-இல் வந்த செருமானியர் சுவார்ட்சு பின்னர்த் திருச்சியில் பணிபுரிந்து, 1766-இல் கோட்டைப் பகுதியில் தேவாலயம் எழுப்பினார். 1779-இல் ஆங்கிலேயர்க்காக ஐதர் அலியிடம் தூதும் சென்றார். ஆட்டம் அமைப்போர் நடுநிலையை ஒன்றும் செய்யாதிருத்தல் என எண்ணி, அதற்கு எப்பயனும் அளிப்பதில்லை. டென்மார்க்கின் நடுநிலை பொருள் ஈட்டும் தொழில்; அதனை இழந்தபோதுதான் அந்நாடு நலிந்தது.

கோபன்ஹேகனில் முழங்கிய பீரங்கிகளின் விளைவாகத் தரங்கம்பாடி 1801-இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்று 1802-இல் மீண்டது. 1808-இல் மீண்டும் சென்று 1815-இல் திரும்பியது. பெரும்போர் எதுவும் அக்கரையில் நிகழவில்லை. உலகப்படத்தில் ஒரு புள்ளியாக உள்ள இவ்வூரின் வண்ணம் நான்குமுறை மாறியதை ஆடுவோன் காணும்படி அமைத்தல் இயலும்; வடகடலில் அமைதி குலைந்தால் தென்கரையில் துறைமுகம் பறிபோகும் என ஒரு விதி போதும். ஐந்தாம் முறை மாறியது 1845-இல். அவ்வாண்டு டென்மார்க்கு அரசர் தரங்கம்பாடியை வங்கத்துச் சீராம்பூரோடு சேர்த்து ஆங்கிலக் கும்பினிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றார். அரணை விலைக்கு விற்றலுக்குத் தொல்காப்பியத்திலும் துறையில்லை, வெண்பாமாலையிலும் துறையில்லை. அதற்கான விதியை ஆட்டம் அமைப்போரே வகுத்துக்கொள்ள வேண்டும்.