காமன் பொட்டலுக்கும் ஓர் உறுதி

சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கிக் களுகங்கையில் சேர்கிறது குருகங்கை. அது பாயும் இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டப் பகுதியில் தேயிலையும் றப்பரும் கலந்த தோட்டங்கள். இப்படிப்பட்ட மலையகத் தோட்டங்களில் அன்று மாசி வளர்பிறை வந்தால் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றுவார்கள். விரதக்காரர் ஆற்றிலோ, நீர் விழும் பீலிக்கரையிலோ தலைமுழுகி வர, லயம் என்னும் வரிசை வீடுகளுக்கு அருகே ஒதுக்கி வைத்த வெளியில் கம்பம் நடப்படும். அந்த இடத்துக்கே காமன் பொட்டல் என்று பெயர். விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, அழைத்த அதே தப்பு, இரவில் ரதிக்கும் காமனான மதனுக்கும் முழங்கும். ரதி வேடம் கட்டுவது ஆண்தான். லயம் லயமாக, வாசல் வாசலாக ஆடிப் போவார்கள். கடைசி இரவில் சிவன் மதனை எரிப்பார். ரதியின் ஒப்பாரியில் பெண்கள் தங்கள் துக்கத்தையும் சேர்த்து அழுவார்கள். பிறகு மதன் உயிர் பெறுவான்.

பகலெல்லாம் துரைக்குச் சொந்தமான மண், அந்த இரவுகளில் ஆடுகிறவர்களுடையதாக இருந்தது. இந்தக் கூத்தின் பெருமை இதுதான் என்பேன்.

இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. பாட்டு அறிந்த வாத்தியார் ஒரு கப்பலில், தப்படிப்பவர் மறு கப்பலில் என்று கூத்துக் குழுக்களும் பிரிந்தன. 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் அடிபட்டன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா?

இன்று இரத்தினபுரி உள்ள சப்ரகமுவ மாகாணத்தில் சிங்கள மொழிமூலம் படிக்கும் தோட்டப் பிள்ளைகள் பலர். இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். ஒரு பிறை முழுக்க லீவு எடுக்க யாரால் முடியும்? கூத்து மேடைக்கு வந்துவிட்டது, விழாவில் சில நிமிடம் ஆடி இறங்குகிறார்கள். மேடையை நான் வெறுக்கவில்லை. பிள்ளைகள் தப்பைத் தொடுவதே பெரிது. ஆனால் மேடையில் வாசல் இல்லை, பீலி இல்லை, அழுவதற்கு ஒரு கிழவி இல்லை.

2015க்குப் பிறகு தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற பேச்சு செயலுக்கு வந்தது. வேண்டியதுதான், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம். ஆனால் நில அளவையாளர் சங்கிலி பிடிக்கும்போது பொட்டலும் துண்டுபட்டுப் போகக் கூடாது. வீட்டுக்கு உறுதி எழுதுகிறவர்கள், பொட்டலுக்கும் பீலிக்கரைக்குப் போகும் பாதைக்கும் தோட்டத்து மக்கள் எல்லார் பெயரிலும் ஓர் உறுதி எழுதட்டும்.