முடி கொட்டுதுன்னு தாய்ப்பாலை நிறுத்தாதீங்க!

குழந்தை பிறந்து நான்கு மாதமான சகோதரி ஒருவர் சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு எழுதியிருந்தார். சீப்பை எடுத்தாலே கொத்துக் கொத்தாக முடி வருகிறதாம். "பால் குடுக்கறதாலதான் சத்தெல்லாம் போகுது, நிறுத்திட்டுப் பவுடர் பாலுக்கு மாத்திடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களாம். படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. 22 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே பேச்சை எத்தனை திண்ணையில் கேட்டிருப்பேன்!

சகோதரி, பாலை நிறுத்த வேண்டாம். உங்கள் முடி கொட்டக் காரணம் பால் இல்லை, ஹார்மோன்.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி உண்டு. பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சம் ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி இரண்டு, மூன்று மாதம் சும்மா நின்றுவிட்டுப் பிறகு உதிரும். அந்தக் கணக்கில் தினம் 50 முதல் 100 முடி வரை போவது எல்லோருக்கும் உள்ளதுதான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பல மடங்கு ஏறுகிறது. ஓய்வுக்குப் போக வேண்டிய முடியையும் போகவிடாமல் அது பிடித்து வைக்கிறது. வளைகாப்பு சமயத்தில் சிலருக்குப் பின்னல் பருமனாகத் தெரிகிறதே, அது இதனால்தான். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால், சில நாளிலேயே அந்த ஹார்மோன் சரிந்துவிடும். பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் சேர்ந்தாற்போல ஓய்வுக்குப் போகும். அதிலிருந்து மூன்று மாதம் எண்ணிப் பாருங்கள், நீங்கள் சீப்பைப் பார்த்துப் பயந்த நாள் வந்துவிடும்.

"குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்பார்கள் எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள். காரணம் வேறானாலும் மாதக் கணக்கு என்னவோ சரிதான்!

பால் கொடுக்காத தாய்மாருக்கும் இதே மூன்றாம், நான்காம் மாதத்தில் கொட்டத்தான் செய்கிறது. பாலை நிறுத்துவதால் முடி நிற்கப் போவதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும் என்று இருக்கிற குழந்தைக்குத்தான் நஷ்டம். பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் கூந்தல் பழையபடி வந்துவிடுகிறது. நெற்றி ஓரத்தில் குட்டை குட்டையாகச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், என்ன வாரினாலும் படியாது. அது புது முடி. எரிச்சல் படாதீர்கள்!

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தடவலாமா என்றும் கேட்டிருந்தார். தாராளமாகத் தடவுங்கள். சிக்கு விழாது, தலைக்கும் இதமாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் இறங்கிப்போன ஹார்மோனை எந்த எண்ணெயும் ஏற்றாது. ஆயிரம் ரூபாய் பாட்டிலை வாங்கி, ஆறு மாதத்தில் தானாக வளர்ந்த முடிக்கு அந்த எண்ணெயைப் புகழ்ந்தவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எல்லாம் பிரசவ முடிதான்" என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டாவது பிள்ளை பெற்று ஏழு மாதம். முடி கொட்டுவது நிற்கவே இல்லை. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். மலச்சிக்கல், முகத்தில் வீக்கம், குரல் கரகரப்பு வேறு. மத்தியானம் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். வீட்டில் வைத்த பேர், "சோம்பேறி". அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். டாக்டரிடம் அனுப்பி டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி கண்டு இப்படி ஆவதுண்டு. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு முதலில் அலுப்புப் போனது. முடி பல மாதம் கழித்துத்தான் திரும்பியது. பலருக்கு இது தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். அதனால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

இன்னொன்று. முடி வளர என்று கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். பயோட்டின் அதிகம் உள்ள மாத்திரைகள் ரத்தப் பரிசோதனை முடிவுகளையே தப்பாகக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையும் அதில் சேர்த்திதான். ரத்தம் கொடுக்கும் முன் அதைப் போடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார்.

கொத்தாகக் கொட்டாமல் நடு வகிடு மட்டும் வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு சங்கதி. ஆண் ஹார்மோன் பெண் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அது தலையில் முடியை மெலிய வைக்கும், மோவாயிலோ தடிக்க வைக்கும். வேடிக்கையான ஹார்மோன்! கூடவே மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கு நிற்கிற வயதிலும் வகிடு இப்படி அகலமாவதுண்டு. ஆண்களுக்கு எழுதிக் கொடுத்த வழுக்கை மாத்திரையை, வீட்டில் இருக்கிறதே என்று பெண்கள் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியையே அது பாதிக்கும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பத்தியம் என்று கீரை, பழம், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தால் இன்றே ஆரம்பியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் போடச் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறதென்று பாதியில் விட்டுவிடாதீர்கள். அப்படிப் போவது சகஜம்தான். டீ, காபியோடு மட்டும் வேண்டாம்.

- ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்